'த' என்று தட்டினால் உள்ளே என்ன நடக்கிறது?

திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு அடித்துக் கொடுக்கும் கடைகளில் கூட்டம் நிற்கும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆளுக்கொரு குறை. எந்த மனுவானாலும் 'திருநெல்வேலி' என்ற சொல் அதில் வந்தே தீரும். அதன் முதல் எழுத்துக்காக அடிப்பவர் ஒரு விசையைத் தட்டுகிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் 'த' வந்து நிற்கிறது. அந்த விரலுக்கும் திரைக்கும் நடுவில் நடப்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் இன்புட், அவுட்புட், மெமரி என்று மூன்று பெட்டி வரைந்து ஆரம்பிப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் படத்தோடு நின்றுவிட்டால், நடுவில் எங்கோ ஒரு மூளை உட்கார்ந்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டு வேலை செய்கிறது என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. படித்த பிள்ளைகள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். அப்படி ஒரு இடம் கம்ப்யூட்டருக்குள் எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு பாகமும் ஒரு சின்ன வேலையைச் செய்து, கிடைத்ததை அடுத்த பாகத்திடம் தள்ளிவிடுகிறது. எதற்கும் எதுவும் புரிவதில்லை. ஒரே ஒரு எழுத்தின் பின்னால் பொறுமையாகப் போனால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதனால் 'த'வின் பின்னால் போவோம்.

கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது

பழைய கீபோர்டு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் திருப்பிப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பாருங்கள். விலை குறைந்த கீபோர்டு என்றால் உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடக்கூடிய கோடுகள் அச்சடிக்கப்பட்டிருக்கும். நடுத்தாளில் வெறும் ஓட்டைகள். விசையை அமுக்கினால் மேல் தாள் அந்த ஓட்டை வழியாகக் கீழ்த் தாளைத் தொடுகிறது. அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு சின்ன சிப் இருக்கும். எந்தக் கோடு எந்தக் கோட்டைத் தொட்டிருக்கிறது என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். தொட்ட இடம் தெரிந்ததும் அதற்குரிய எண்ணை யூஎஸ்பி வயர் வழியாக அனுப்பும்.

1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் 'த' அடிக்க, ஆங்கில 'எல்' விசையைத் தட்ட வேண்டும். அந்த விசைக்கு யூஎஸ்பி விதிப்படி எண் 15. வயரில் போவது 15 மட்டும்தான். 'எல்' என்பதும் போகவில்லை, 'த' என்பதும் போகவில்லை. அந்த விசையின் மேல் என்ன எழுத்து அச்சடித்திருக்கிறது என்பதே கீபோர்டுக்குத் தெரியாது.

15-ஐ 'த'வாக மாற்றுவது கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள். 'இப்போது தமிழ்99 தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 15 வந்தால் 2980 என்று எழுது' என்று ஒரு அட்டவணை அதனிடம் இருக்கிறது. பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதே 15-க்கு வேறு எழுத்து வந்திருக்கும்.

அது என்ன 2980? யூனிகோடு என்ற உலகப் பொதுத் தரத்தில் 'த'வுக்குக் கொடுக்கப்பட்ட எண் அது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2944-இலிருந்து 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு. 'தி'யில் வரும் 'இ'கரக் குறிக்கு எண் 3007. ஆக, 'தி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 2980, 3007 என்று இரண்டு எண்கள். 'திருநெல்வேலி'யில் நாம் எண்ணினால் ஆறு எழுத்து. உள்ளே 12 எண்கள். (தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் 70 எண்களிலேயே ஒரு செய்தி முடிந்து அடுத்ததாகக் கணக்காவதற்கும், ஆங்கிலத்தில் 160 வரை போவதற்கும் காரணம் இந்த எண் கணக்குதான்.)

எண் என்றால் உள்ளே எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டருக்குள் 2980 என்று எழுதி வைத்திருக்காது. அங்கே ஓடுவது மின்சாரம் மட்டும்தான். ஒரு வயரில் மின்சாரம் இருக்கிறது அல்லது இல்லை: இந்த இரண்டைத்தான் நம்பிப் பிரித்துச் சொல்ல முடியும். 'கொஞ்சம் இருக்கிறது', 'பாதி இருக்கிறது' என்று பத்து நிலை வைத்தால் சூட்டிலும் பக்கத்து வயரின் தொந்தரவிலும் ஆறு ஏழாகிவிடும். அதனால் இருக்கிறது என்றால் 1, இல்லை என்றால் 0. இப்படி ஒரு இடம் ஒரு பிட்; எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். நாம் ஒன்று, பத்து, நூறு என்று பத்துப் பத்தாக ஏறுகிறோம். இங்கே 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். 2980-ஐ 2048 + 512 + 256 + 128 + 32 + 4 என்று பிரிக்கலாம். இருக்கிற இடத்துக்கு 1, இல்லாத இடத்துக்கு 0 போட்டால் 101110100100. பன்னிரண்டு வயர்களில் ஆறில் மின்சாரம், ஆறில் இல்லை. அதுதான் 'த'.

இந்த ஒன்றையும் பூஜ்யத்தையும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பொருள் டிரான்சிஸ்டர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ மடையைப் பார்த்திருப்பீர்கள். ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் போகும், இறக்கினால் நிற்கும். டிரான்சிஸ்டரும் மின்சாரத்துக்கு ஒரு மடைதான். ஒரே வாய்க்காலில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ஷட்டர் வைத்தால், இரண்டையும் தூக்கினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும். 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்ற நிபந்தனை அங்கே வந்துவிட்டது. இரண்டு கிளை வாய்க்கால் வெட்டி ஆளுக்கொரு ஷட்டர் வைத்து, இரண்டையும் ஒரே வயலில் கொண்டு சேர்த்தால், ஏதாவது ஒன்றைத் தூக்கினால் போதும். இது 'இதுவோ அதுவோ'. வாய்க்கால் மடையைத் தூக்க ஆள் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு ஆள் வேண்டாம். ஒரு டிரான்சிஸ்டர் வழியாக வந்த மின்சாரமே அடுத்த டிரான்சிஸ்டரின் ஷட்டரைத் தூக்கும். ஒரு வயலில் வந்து நிற்கும் தண்ணீரே அடுத்த வயலின் மடையைத் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்தால் மூடிக்கொள்ளும் டிரான்சிஸ்டரும் உண்டு. அதை வைத்து 'இல்லை' என்று சொல்ல வைக்கலாம். 'இதுவும் அதுவும்', 'இதுவோ அதுவோ', 'இல்லை'. இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தக் கணக்கையும் கட்டிவிடலாம்.

கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 0-உம் 0-உம் கூட்டினால் 0. ஒன்று 0, இன்னொன்று 1 என்றால் 1. இரண்டும் 1 என்றால் விடை இரண்டு; ஆனால் நம்மிடம் 2 என்ற இலக்கம் கிடையாது, ஆகவே 10 என்று எழுத வேண்டும், அதாவது 0 போட்டு மீதி 1. மீதி எப்போது வருகிறது? இரண்டும் 1 ஆக இருக்கும்போது மட்டும். அது 'இதுவும் அதுவும்'. கீழே எப்போது 1 வருகிறது? 'இதுவோ அதுவோ', ஆனால் இரண்டும் சேர்ந்து 'இல்லை'. கூட்டலில் இதற்கு மேல் எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் விரல் விட்டுக் கற்ற கூட்டலை, கூட்டல் என்றால் என்னவென்றே அறியாத சில ஷட்டர்கள் செய்துவிட்டன. மீதியை அடுத்த இலக்கத்துக்குத் தள்ளி, இப்படி 64 வரிசை அடுக்கினால் இன்றைய ப்ராசஸர் ஒரே மூச்சில் கூட்டும் எண் வந்துவிடும். கழித்தல் கூட்டலின் மாற்று உருவம்தான். பெருக்கல் திரும்பத் திரும்பக் கூட்டுவது.

சரியா தவறா என்ற தர்க்கத்தை ஜார்ஜ் பூல் 1854-லேயே இயற்கணிதமாக எழுதி வைத்திருந்தார். அதை மின்சார ஸ்விட்சுகளால் கட்டலாம் என்று 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு வயது 21. நம் கையில் இருக்கும் ஒவ்வொரு போனும் அந்த ஆய்வேட்டுக்குக் கடன்பட்டது. டிரான்சிஸ்டர் பிறந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து, 1947-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற ப்ராசஸரில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020-இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சிப்பில் 1,600 கோடி.

ப்ராசஸர் செய்யும் வேலை

நம் ஊரில் சிபியு என்றால் மேஜைக்கு அடியில் இருக்கும் முழு டப்பாவையும் சொல்வார்கள். உண்மையான சிபியு, அதாவது ப்ராசஸர், அந்த டப்பாவுக்குள் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் ஃபேனுக்கு அடியில் இருக்கும் ஒரு சதுரச் சில்லு. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவுதான்.

அது செய்வது மூன்றே காரியம். மெமரியிலிருந்து ஒரு எண்ணை எடு. அந்த எண் எந்த வேலையைக் குறிக்கிறது என்று பார். அந்த வேலையைச் செய். முடிந்ததும் அடுத்த எண்ணை எடு. கரண்ட் போட்டதிலிருந்து நிறுத்தும் வரை இதேதான். மூன்று கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்றால் அதன் கடிகாரம் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குள் ஒளிகூட சுமார் 10 சென்டிமீட்டர்தான் போயிருக்கும்.

அந்த வேலைகளும் சின்னச் சின்னவைதான். இந்த எண்ணை அங்கே வை. இரண்டையும் கூட்டு. இதிலிருந்து அதைக் கழி. கழித்து வந்த விடை பூஜ்யமானால் வேறு இடத்திலிருக்கும் கட்டளைக்குத் தாவு. கடைசியாகச் சொன்னதுதான் கம்ப்யூட்டர் 'முடிவெடுக்கும்' இடம். ஏடிஎம்மில் பின் நம்பர் சரியா என்று பார்ப்பதும், செஸ் விளையாட்டில் எந்தக் காயை நகர்த்துவது என்பதும் அடியில் போய்ப் பார்த்தால் கழித்துப் பார்த்துத் தாவுவதுதான். ஒரு தாவலில் அறிவு எதுவும் இல்லை. கோடிக்கணக்கில் சரியாக அடுக்கும்போது அறிவு போல ஒன்று வெளியே தெரிகிறது. அந்த அறிவு அடுக்கிய மனிதர்களுடையது.

ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் சந்திக்கும் இடமும் இதுதான். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் 144 என்ற எண் கட்டளையாக வந்தால் 'எதுவும் செய்யாதே, அடுத்ததற்குப் போ' என்று அர்த்தம். 195 வந்தால் 'வந்த இடத்துக்கே திரும்பு'. சாஃப்ட்வேர் என்பது இப்படி வரிசையாக அடுக்கிய எண்கள்தான். அதே 144 ஒரு போட்டோவில் இருந்தால், ஒரு புள்ளியில் சிவப்பு எவ்வளவு பிரகாசம் என்பதைக் குறிக்கும். எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதை யார், எதற்காகப் படிக்கிறார்கள் என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

கட்டளையையும் தகவலையும் ஒரே மெமரியில் எண்ணாக வைக்கலாம் என்பது இன்று சாதாரணமாகத் தெரியும். ஆனால் 1945-இல் கட்டி முடித்த எனியாக் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் அப்படி இல்லை. சுமார் 18,000 வால்வுகளும் (டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்) 30 டன் எடையுமாக ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நின்றது அது. வேறு கணக்குப் போட வேண்டும் என்றால் வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருக வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும். கட்டளையையும் மெமரியில் எழுதும் யோசனையை அதே 1945-இல் ஜான் வான் நியூமன் அறிக்கையாக எழுதினார். 1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு சிறிய இயந்திரம் அப்படி எழுதி வைத்த புரோகிராமை முதன்முதலாக ஓட்டியது. மனு அடித்த அதே கம்ப்யூட்டரில் மத்தியானம் ரயில் டிக்கெட் போடவும் சாயங்காலம் படம் பார்க்கவும் முடிவது இதனால்தான். இயந்திரம் அதேதான், எண்கள்தான் வேறு.

ராமும் டிஸ்க்கும்

"அண்ணாச்சி, மெமரி ஃபுல் ஆயிட்டு. இன்னொரு நாலு ஜிபி ராம் போட்டுக் குடுங்க, கல்யாண போட்டோவை ஏத்தணும்" என்று கேட்பவர்கள் உண்டு. போட்டோவை ஏற்ற ராம் உதவாது. ராம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் எண்களை வைத்திருக்கும் மெமரி, போட்டோ தங்குவது டிஸ்க்கில். இரண்டுமே ஜிபி கணக்கில் இருப்பதால் வரும் குழப்பம் இது. எண்களை மின்சாரமாக எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்று தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ராமில் ஒவ்வொரு பிட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னூட்டம் தானாகக் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத் திரும்ப நிரப்ப வேண்டும். 8 ஜிபி ராம் என்றால் சுமார் 859 கோடி பைட். அத்தனையும் நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் நிரப்பப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. நடுவில் கரண்ட் போயிட்டு என்றால் நிரப்ப ஆள் இல்லை, எல்லாம் போச்சு. மனு பாதியில் இருக்கும்போது யூபிஎஸ் இல்லாமல் கரண்ட் போனால் கடைசியாக சேவ் செய்ததற்குப் பிறகு அடித்தது காணாமல் போவது இதனால்தான். 'த' இப்போது ராமில் மட்டும்தான் இருக்கிறது. கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கினால்தான் டிஸ்க்குக்குப் போகும்.

எஸ்எஸ்டி டிஸ்க்கில் மின்னூட்டத்தைச் சுற்றிலும் மின்சாரம் கடத்தாத பொருளால் அடைத்து வைத்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லாமலும் வருடக்கணக்கில் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் காந்தப் புள்ளிகளாக எழுதுகிறார்கள். தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். படிக்கும் ஊசி சரியான இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும். அதற்கு ஆகும் நேரம் சுமார் 10 மில்லிநொடி. குறைவுதானே என்று தோன்றும். ராமிலிருந்து எடுக்க ஆவதைப் போல அது ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. அத்தனை நேரமும் கேட்ட புரோகிராம் காத்துக் கிடக்கிறது. ஆகவே பழைய கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடினால், தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதற்கு முன் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். பிள்ளைகள் படிப்புக்கு இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக ஓடும்.

'திருநெல்வேலி' டிஸ்க்கில் பதியும்போது, இன்று பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணுக்கும் மூன்று பைட் ஆகும். பன்னிரண்டு எண்களுக்கு 36 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட்.

கரண்ட் போட்டதும் முதலில் விழிப்பது எது?

மெமரியிலிருந்து கட்டளையை எடுத்துச் செய்வதுதான் ப்ராசஸரின் வேலை என்றோம். கரண்ட் போட்ட நொடியில் ராம் காலி. பின் எதை எடுப்பது? மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத ஒரு சிறு புரோகிராம் இருக்கிறது. பழைய பெயர் பயாஸ், இப்போது யூஇஎஃப்ஐ. ப்ராசஸர் விழித்ததும் அந்த இடத்திலிருந்துதான் முதல் கட்டளையை எடுக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அது ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று சோதிக்கும். பிறகு டிஸ்க்கிலிருந்து ஒரு சிறு புரோகிராமை ராமில் ஏற்றும். அது விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றும். 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்குமே, அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த இடத்திலிருக்கும் புரோகிராம்தான்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது எல்லோருக்கும் பொதுவான வேலைகளைச் செய்யும் புரோகிராம். மனு அடிக்கும்போதே பக்கத்தில் பாட்டு ஓடுகிறது, பிரிண்டர் வேலை செய்கிறது. ப்ராசஸரை ஒவ்வொரு புரோகிராமுக்கும் சில மில்லிநொடிகள் கொடுத்துப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது ஆபரேட்டிங் சிஸ்டம். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது போலத் தெரிகிறது. ஒரு புரோகிராம் இன்னொன்றின் ராமைத் தொடாமல் காவல் காப்பதும் அதுவே. பிரிண்டர் போன்ற ஒவ்வொரு கருவியோடும் எப்படிப் பேசுவது என்று அதற்குச் சொல்லித் தரும் துணைப் புரோகிராம்தான் டிரைவர்.

யாரும் இன்று 144, 195 என்று எண்களாகப் புரோகிராம் எழுதுவதில்லை. மனிதன் படிக்கக்கூடிய மொழியில் எழுதினால் அதை எண்களாக மாற்றித் தரும் புரோகிராம்கள் உண்டு. கம்பைலர் என்று பெயர். 1952-இல் கிரேஸ் ஹாப்பர் அந்த வழியில் முதல் அடி எடுத்து வைத்தார். பைதான் போன்ற மொழிகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சில வாரங்களில் பழகிவிட முடியும்.

எண் மறுபடி எழுத்தாவது

சரி, நம் 2980 ராமில் காத்திருக்கிறது. திரையில் அதை 'த' என்று வரைய வேண்டும். அந்த வளைவுகள் எழுத்துருக் கோப்பில் இருக்கின்றன. 2980-க்கு எந்த உருவம், அதன் கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பதெல்லாம் அங்கேயும் எண்களாகத்தான் இருக்கும். ஆங்கிலத்துக்கு ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொண்டே போனால் போதும். தமிழுக்கு அது போதாது. 'நெ' என்று அடித்தால் உள்ளே முதலில் 'ந', அதன் பிறகுதான் ஒற்றைக் கொம்பு. நாம் சொல்லும் வரிசை அது. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'தி'யில் 'இ'கரக் குறியை எழுத்தோடு ஒட்ட வேண்டும். 'ரு'வுக்கு 'ர'வின் உருவமே மாற வேண்டும். இத்தனையையும் பார்த்து அடுக்கித் தருவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. நாம் தமிழில் ஒரு வரி படிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓசைப்படாமல் உழைக்கிறது. நம் எழுத்தின் நுணுக்கங்களை உட்கார்ந்து யோசித்து, தமிழ் தெரியாத இயந்திரத்துக்குப் பிழையில்லாமல் எழுதி வைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம் திரை. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். ஒவ்வொன்றின் பிரகாசமும் 0 முதல் 255 வரை ஒரு எண். எந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை, ஓரத்தில் எது சாம்பல் என்று கணக்குப் போட்டு மெமரியில் எழுதினால், திரை அதை நொடிக்கு 60 முறை படித்துக் காட்டுகிறது. 'த' வந்துவிட்டது.

எங்கே கோளாறு என்று பார்ப்பது

இந்த வரிசை மனதில் இருந்தால், கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும்போது எந்தப் படியில் சிக்கல் என்று நாமே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எதற்கெடுத்தாலும் 'மதர்போர்டு போயிட்டு' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது என்றால் பயாஸ் சோதனையிலேயே நின்றுவிட்டது, பெரும்பாலும் ராம். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் முனைகளை பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்துச் சரியாகப் பொருத்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

தேதி தினமும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, வங்கி இணையதளம் 'பாதுகாப்பு இல்லை' என்று திறக்க மறுக்கிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பானால் இணையதளத்தின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், அதனால்தான் திறக்கவில்லை.

மே மாத வெயிலில், புழுதி பறக்கும் ரோட்டோரக் கடைகளில் அரை மணி நேரம் ஓடிய பிறகு கம்ப்யூட்டர் மந்தமாகிறதா? ப்ராசஸர் சூடு தாங்காமல் தன் கடிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஃபேனில் அடைந்திருக்கும் தூசியை எடுத்துவிட்டு, ப்ராசஸரின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் பழைய வேகம் வந்துவிடும். இதில் சாஃப்ட்வேரின் குற்றம் எதுவும் இல்லை, விண்டோஸை அழித்துத் திரும்பப் போட வேண்டியதும் இல்லை.

தமிழ்க் கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது என்றால், எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒன்றை நிறுவினால் போதும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தாறுமாறாக வந்தால் கதை வேறு. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் எண்களையே தமிழ் எழுத்துகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலமாகவே தெரியும். கோப்பில் எதுவும் அழியவில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எண்ணுக்குப் பதில் எந்த எண் என்று ஒரு அட்டவணைதான் அவற்றுக்குள்ளும் இருக்கிறது. ஒட்டி, மாற்றி எடுத்துக்கொள்ளலாம். முழு மனுவையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை.